'வயசாச்சு' என்பது நோயின் பெயர் அல்ல

மாணவர்களே, புக்கிட் பெலண்டோக் என்ற பெயரை உலக மருத்துவர்கள் 1999-இல் அறிந்துகொண்டார்கள். இங்கே பரவிய நோயை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணினார்கள். அது கொசுவால் பரவுவது; பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது. இங்கே நோயில் விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள். 'யாருக்கு வருகிறது? அவர் என்ன வேலை செய்கிறார்?' என்ற கேள்விகள்தாம் சந்தேகத்தைக் கிளப்பின. அவ்வாண்டு மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

நிப்பா வேகமாகக் கொன்றது. நம் தோட்டத்து வீடுகளில் மெதுவாக நடமாட்டத்தைப் பறிக்கும் இன்னொரு நோய் உண்டு: முழங்கால் மூட்டுத் தேய்மானம். அதற்கும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். ஆனால், குனிந்து பால்மரம் வெட்டி, குந்தி உட்கார்ந்து செம்பனை உதிரிப் பழம் பொறுக்கி, சுமை தூக்கி உழைத்த பாட்டி முட்டி வலி என்றால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விடுகிறோம். வயது ஒரு காரணம்தான். நோயின் பெயர் அதுவல்ல.

வேலையும் ஒரு காரணம். பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர்களின் மூட்டுகளை ஆராய்ந்த கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள், அத்தொழிலாளர்களின் முழங்கால் அதிகம் பாதிக்கப்பட்டதை 1952-இல் எழுதினார்கள். எக்ஸ்ரே படத்தை வைத்து தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையையும் 1957-இல் அவர்களே தந்தார்கள். அது இன்றும் பயன்படுகிறது.

அப்படியானால் எக்ஸ்ரே எடுத்தால் போதுமே என்று தோன்றும். போதாது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். எலும்பு முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தெரியாது. அது நன்றாகத் தேய்ந்து, இரண்டு எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி குறுகிய பிறகே படம் காட்டிக் கொடுக்கும். தொடக்க நிலையில் படம் 'சரியாக இருக்கிறது' என்று வரலாம். பாட்டியின் வலி பொய் என்று அதற்குப் பொருளல்ல.

ஆகவே முதல் சோதனை கேள்விதான் என்பது என் கருத்து. பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டி அமைப்பும் இதையே சொல்கிறது. வயது 45 அல்லது அதற்கு மேல். நடக்கும்போதும் படியேறும்போதும் வலி. காலையில் மூட்டு விறைப்பு இல்லை, இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது. இவை மூன்றும் பொருந்தினால், பொதுவாக எக்ஸ்ரே இல்லாமலே மருத்துவர் நோயைக் கணிக்கலாம். விறைப்பு வெகுநேரம் நீடித்தாலோ, மூட்டு சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

"தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது; முன்கூட்டியே தெரிந்து என்ன பயன்?" என்று சிலர் கேட்பார்கள். வளராது என்பது உண்மைதான். ஆனால் மூட்டைத் தாங்குவது குருத்தெலும்பு மட்டுமல்ல, தொடைத் தசையும்தான். அதைப் பயிற்சியால் பலப்படுத்தினால் வலி குறையும். எடையும் முக்கியம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில், பத்து ஆண்டுகளில் சுமார் 5 கிலோ எடை குறைந்த பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்ததாக 1992-இல் தெரியவந்தது. நன்றாக நடக்க முடிகிறபோதே இவற்றைத் தொடங்குவது எளிது. முட்டி வளைந்த பிறகு தொடங்குவது கடினம்.

இதில் உங்களுக்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது. கிளினிக்கில் பாட்டி தமிழில் சொல்வதை மலாயில் மருத்துவரிடம் எடுத்துச் சொல்பவர் பல வீடுகளில் நீங்கள்தாம். "முட்டி வலி" என்று இரண்டே சொல்லோடு நிறுத்தாதீர்கள். எப்போது வலிக்கிறது, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது, எத்தனை ஆண்டு என்ன வேலை செய்தார் என்பதை முதல் நாளே பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தொடக்கத்திலேயே நோயைப் பிடிக்க அந்தத் தாள் உதவும்.