கிடார் வாசித்த நாய்க்குட்டி

இங்கிலாந்தில் ஆன்சைட் இருந்தப்போ, வீட்டுக்காரப் பாட்டி ஒரு கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் வளர்த்தார். ஏழு கிலோ இருக்கும். வெள்ளையில் செம்பழுப்புத் திட்டு, தொங்குகிற நீளக் காது, உருண்டைக் கண்ணு. பார்த்தாலே தூக்கிக் கொஞ்சத் தோணும்.

நடக்கும்போதே பின்னங்காலைத் தூக்கி, கழுத்துப் பக்கம் காற்றில் சொறியும். உடம்பில் படவே படாது. 'கிடார் வாசிக்குது பாருங்க' என்று நான் வீடியோ எல்லாம் எடுத்தேன். பாட்டி சிரிக்கவில்லை. "அதுக்கு வலிக்குதுப்பா" என்றார்.

மேட்டர் இதுதான். மூளைக்கு மண்டையோட்டில் இடம் போதாமல், தண்டுவட நீரின் ஓட்டம் தடைபட்டு, தண்டுவடத்துக்குள்ளேயே நீர் தேங்குகிறது. பெயர் சிரிங்கோமைலியா. இது போதாதென்று, வயதாக ஆக பெரும்பாலான கேவலியர்களுக்கு இதய வால்வும் பழுதாகும்.

எப்படி வந்தது இந்த வினை? 17-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சார்லஸ் மன்னரின் செல்லங்கள் இவற்றின் மூதாதையர். விக்டோரியா காலத்தில் சப்பை மூக்கு ஃபேஷன் ஆனது. 1926-ல் ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், பழைய ஓவியங்களில் உள்ள நீள மூக்கு நாய்க்கு 25 பவுண்டு பரிசு என்று கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் அறிவித்தார். 1928-ல் கிளப், 1945-ல் தனி இனமாக அங்கீகாரம். ஆரம்பமே கொஞ்ச நாய்களோடுதான். அப்புறம் சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்தார்கள். நம்மூர் டாக்டர்கள் சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம் என்று ஏன் சொல்றாங்க? அதே கணக்குதான்.

முகத்துக்கு மட்டும் ஸ்பெக் எழுதி, மண்டையையும் இதயத்தையும் டெஸ்ட் பண்ணாமல் ரிலீஸ் செய்த சாஃப்ட்வேர் மாதிரி இருக்கு எனக்கு!

2023-ல் நார்வே உச்ச நீதிமன்றம், இந்த இனத்தைத் தனக்குள்ளேயே பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. முறையாக வேறு இனத்தோடு கலக்கத் தடையில்லை. 'ஸ்கேன் எடுத்து நல்ல நாயாகத் தேர்ந்தெடுத்தால் போதாதா?' என்பார்கள். ஸ்கேன் அவசியம்தான். ஆனால் தேர்ந்தெடுக்கவே ஆரோக்கியமானவை கொஞ்சம் என்றால், குளம் இன்னும் சுருங்கத்தானே செய்யும்? என் ஓட்டு நார்வேக்கு. நம்ம ஆசைக்கு அழகு குறைந்தாலும் பரவாயில்லை, வலி குறையணும்.

ஏற்கெனவே வளர்க்கிறவர்களுக்கு: வாரம் இரண்டு மூன்று தடவை முடி சீவுங்க, காதைத் துடைங்க, எடை ஏறவிடாதீங்க. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்க. வாங்கியே தீருவேன் என்பவர்கள், தாய் தகப்பனின் எம்ஆர்ஐ, இதய ஸ்கேன் இரண்டையும் கேளுங்க. இல்லை என்றால் திரும்பி வந்துடுங்க.

அந்த வீடியோவை நாலு பேருக்கு அனுப்பியிருந்தேன். நாலு பேரும் சிரிச்சாங்க.