அரபு நாட்டு உணவு விடுதியில் நம்மவர்



ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று வளைகுடா நாடுகளில் தொழில் புரிந்து வருகின்றனர். சென்ற திங்கள் சங்கக் கூட்டத்திற்கு வந்திருந்த அம்மையார் ஒருவரின் கேள்வியே இம்மாதக் கட்டுரைக்குப் பொருளாயிற்று. அவர்தம் மகளுக்குச் சவூதி அரேபியாவின் தலைநகராகிய ரியாத்தில் செவிலியர் பணி கிடைத்திருக்கிறது. "பெண்பிள்ளை தனியாக ஓட்டலுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட முடியாத ஊராமே? அங்கே அனுப்பலாமா, தம்பி?" என்று அவர் வினவினார். பல்லாண்டுகளுக்கு முன் அங்கிருந்து திரும்பிய உறவினர் ஒருவரின் சொல்லைக் கேட்டுக் குடும்பமே தயங்கி நிற்கிறதாம். ஒரு பெண்ணின் வாழ்வும் ஊதியமும் ஓட்டலைப் பற்றிய ஒரு செய்தியால் தடைப்படுமாயின், அச்செய்தி இன்றும் உண்மைதானா என்று ஆராய்தல் நம் கடமையன்றோ?

உறவினர் கூறியது பொய்யன்று. அவர் காலத்து மெய். அந்நாட்டு உணவு விடுதிகளில் நெடுங்காலம் இரண்டு வாயில்கள் இருந்தன. ஒன்று குடும்பத்தாருக்கு, மற்றொன்று தனியருக்கு. தனியர் என்றால் பெண்துணையின்றி வந்த ஆடவர் என்பதே பொருள். குடும்பப் பகுதியிலோ, தடுப்புப் பலகைகளாலும் திரைகளாலும் ஒவ்வொரு மேசையும் மறைக்கப்பட்டிருக்கும். இரு பகுதி அமைக்க இடமில்லாத சிறு கடைகள் பலவற்றில் பெண்களுக்கு அனுமதியே இல்லை. இவ்வொழுங்கைக் கண்காணிக்கச் சமயக் காவலரும் உலவி வந்தனர்.

ஆனால் காலம் மாறிவிட்டது. 2016 ஏப்ரலில் சமயக் காவலரின் கைது செய்யும் அதிகாரம் நீக்கப்பட்டது. 2019 அக்டோபரில், பெண்ணொருத்தி தன் அடையாளச் சான்றைக் காட்டித் தனியாகவே தங்கும் விடுதியில் அறை எடுக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், உணவு விடுதிகள் இரண்டு வாயில்கள் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் அகன்றது. விரும்புவோர் பழைய முறையையே வைத்துக்கொள்ளலாம் என்பதும் அவ்வாணையின் பொருளாதலின், சில இடங்களில் இன்னும் பிரிவினையைக் காணக்கூடும். அங்கே நுழையுமுன் பணியாளரைக் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் அமர்தலே அறிவுடைமை.

இதனைப் படிக்கும் நம்மவருள் சிலர், "என்ன விந்தையான நாடு!" என்று நகைக்கக்கூடும். அவர்கள் சற்றே நம் ஊரையும் நினைத்துப் பார்க்கட்டும். ஐதராபாத்தின் ஈரானி ஓட்டல்களில் குடும்ப அறை என்ற தனியறையை நாம் கண்டதில்லையா? நான் பணிபுரியும் இரயில்வேயை எடுத்துக்கொண்டால், பெண்களுக்குத் தனிக் காத்திருப்பு அறையும் தனிப் பெட்டியும் இன்றும் உண்டு. அவை பாதுகாப்புக்காக ஏற்பட்டவை, அவற்றைக் குறைகூறுவாரில்லை. ஆனால் விடுதலைக்கு முன்பு நம் நிலையங்களில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர், முஸ்லிம்களுக்கு ஒரு தண்ணீர் என்று பிரித்து வழங்கினார்கள். தென்னாட்டு நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளிலோ பிராமணருக்கு ஓரிடம், பிறருக்கு வேறிடம் என்ற வழக்கம் இருந்தது. பெரியார் முதலானோர் கிளர்ச்சி செய்ததன் பயனாக 1941-ஆம் ஆண்டில்தான் அது ஒழிந்தது. பந்தியிலே சுவர் எழுப்புவது ஒரு நாட்டாரின் தனிக் குணமன்று; அச்சுவர் விழுவதும் ஒரே நாளில் நடப்பதன்று.

இனி, அங்கே செல்வோர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளைக் கூறுவேன்.

அந்நாட்டு உணவு விடுதிகளில் மதுவும் பன்றி இறைச்சியும் கிடையா. அவற்றைக் கேட்பதும் தகாது. ஆடை தளர்வாகவும், தோளும் முழங்காலும் மறையும் வண்ணமும் இருத்தல் வேண்டும். பக்கத்து மேசையில் இருப்போரை அவர்தம் இசைவின்றிப் படம் எடுத்தல் 2019-ஆம் ஆண்டின் பொது ஒழுக்க விதிகளின்படி தண்டத்திற்குரிய குற்றம். உண்ணும் உணவைப் படம் பிடித்து வீட்டாருக்கு அனுப்பும் நம் பிள்ளைகள் இதனை மறத்தலாகாது.

ரமலான் மாதத்தில் பகற்பொழுதில் பொதுவிடத்தில் உண்ணுதலும் பருகுதலும் முஸ்லிம் அல்லாதாருக்கும் விலக்கு. பெரும்பாலான உணவு விடுதிகள் மாலை வரை மூடியிருக்கும். தங்கும் விடுதியாயின் அறைக்கே உணவு வருவித்து உண்ணலாம். மற்ற மாதங்களில் தொழுகை நேரத்தில் கடைகள் அடைக்கப்படுவது முன்னாள் வழக்கம். 2021 ஜூலை முதல் திறந்து வைக்க அனுமதி உண்டெனினும், சிலர் இன்னும் அடைப்பார்கள். சற்றே காத்திருந்தால் கதவு திறக்கும்.

சைவ உணவினர் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். கப்சா என்னும் அந்நாட்டுச் சோறு இறைச்சி வெந்த நீரிலேயே சமைக்கப்படுவது. துண்டுகளை ஒதுக்கிவிட்டு உண்பதால் அது சைவமாகாது. பருப்பு வடிசாற்றிலும் கோழிச்சாறு கலந்திருக்கக்கூடும், கேட்டறிதல் நலம். மொச்சை போன்ற பயற்றை மசித்துச் செய்யும் ஃபூல், கொண்டைக்கடலை விழுதாகிய ஹம்முஸ், சுடச்சுடக் கிடைக்கும் தமீஸ் ரொட்டி ஆகியன வயிற்றுக்கும் பணப்பைக்கும் ஏற்றவை. ஏலம் மணக்கும் காவா என்ற காப்பியைச் சிறு கிண்ணத்தில் பேரீச்சம்பழத்துடன் தருவார்கள். வலக்கையால் வாங்குக. போதுமெனில் கிண்ணத்தை இலேசாக அசைத்துத் திருப்பித் தருக; இல்லையேல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்!

இப்பழக்கங்களை அறிய விமானம் ஏற வேண்டுவதில்லை. நம் நகரின் பர்க்காஸ் பகுதியில், நிஜாமின் படையில் பணிபுரிந்த அரபு வீரர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்களின் முன்னோர் யெமன் நாட்டு ஹத்ரமௌத்திலிருந்து வந்தவர்கள். அவ்வூர் மந்திச் சோற்றைப் பெரிய தட்டிலிட்டு, தரையில் அமர்ந்து பலரும் பகிர்ந்துண்ணும் முறையை அங்கே காணலாம். நாம் விரும்பி உண்ணும் ஹலீமும் அரபு நாட்டு ஹரீஸின் வழிவந்ததே.

ஆகவே, அம்மையார் தம் மகளைப் பணிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பணி ஒப்பந்தம், ஊதியம், தங்குமிடம் ஆகியவற்றை நன்கு ஆராய்ந்தே முடிவு செய்வாராக. சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றிய அச்சம் அதற்குத் தடையாக வேண்டாம். முதல் சில நாட்கள் உடன்பணிபுரியும் நம் நாட்டுப் பெண்களுடன் சென்று வரட்டும். பின்னர்த் தனியே அமர்ந்து உண்ணவும் அவளுக்குத் துணிவு வரும். பெரியவர்களின் அனுபவத்தை மதிப்போம். அதன் ஆண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.