நலம் விசாரிக்க யாரும் வராத நோயாளி



நம் மஹல்லாவில் ஒருவருக்கு மாரடைப்பு என்றால் அஸர் தொழுகைக்குள் செய்தி பரவிவிடுகிறது. ஜமாஅத்தார் துஆச் செய்கிறார்கள். முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ வேன் பிடித்துப் போய்ப் பார்த்து வருகிறோம். கட்டிலருகே ஆப்பிளும் ஆரஞ்சும் குவிகின்றன. அதே தெருவில் ஓர் இளைஞர் மனநோய் முற்றியோ, குடியிலிருந்து மீள முடியாமலோ ஒரு காப்பகத்தில் சேர்க்கப்பட்டால் என்ன நடக்கிறது? "வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது" என்கிறார்கள் வீட்டார். நாமும் நம்புவதுபோல் தலையசைத்துவிட்டுப் போகிறோம். ஒருவரும் போய்ப் பார்ப்பதில்லை.

இதை ஒரு சிறு பொய் என்று கடந்துவிட முடியாது. இது நோயாளியைக் கேட்க ஆளில்லாதவராக ஆக்கிவிடும் பொய். கேட்க ஆளில்லாதவருக்கு எந்த நான்கு சுவர்களுக்குள்ளும் பாதுகாப்பு இல்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் நமக்கு இதற்கான சான்று வெகு அருகிலேயே கிடைத்தது.

விக்கிரவாண்டியை அடுத்த குண்டலப்புலியூரில் 'அன்பு ஜோதி ஆசிரமம்' என்ற காப்பகம் பல ஆண்டுகள் இயங்கி வந்தது. மனநலம் பாதிக்கப்பட்டோர், முதியோர், ஆதரவற்றோர், குடிக்கு அடிமையானோர் எனப் பலரும் அங்கே விடப்பட்டனர். 2021 டிசம்பரில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவரும், வெளிநாட்டில் வாழும் உறவினரின் ஏற்பாட்டில் அங்கே சேர்க்கப்பட்டார். அடுத்த ஆண்டு அந்த உறவினர் நேரில் வந்து அவரைப் பார்க்க வேண்டும் என்றபோது, பெங்களூருவில் உள்ள வேறொரு காப்பகத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே போய்த் தேடினால் முதியவர் இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்பட்டது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. அதன்பிறகே, 2023 பிப்ரவரியில், அதிகாரிகள் அந்தக் காப்பகத்துக்குள் நுழைந்தார்கள். 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். உரிய அனுமதியின்றி அது இயங்கியது தெரியவந்தது. அடித்தல், கட்டிவைத்தல், பெண்களுக்கு எதிரான பாலியல் வன்கொடுமை என்று கொடிய குற்றச்சாட்டுகள் எழுந்து, விசாரணை சிபிசிஐடி வசம் சென்றது.

இந்தச் செய்தியை அப்போது நாம் அனைவரும் படித்தோம், அதிர்ந்தோம், காப்பகம் நடத்தியவர்களைச் சபித்தோம். ஆனால் அதற்குள் இருக்கும் பாடத்தைப் படிக்காமல் விட்டுவிட்டோம். அந்தக் கதவு எப்படித் திறந்தது? உள்ளே இருந்த ஒருவரைத் தேடி, "அவர் எங்கே?" என்று கேட்க ஓர் ஆள் இருந்ததால் திறந்தது. ஒரே ஒருவர் விடாமல் கேட்டார். 140 பேருக்கு வழி பிறந்தது. மற்றவர்களின் உறவுகளும் அப்படி ஒருமுறை வந்து கேட்டிருந்தால் அது எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே திறந்திருக்கும்.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஏர்வாடி நமக்குப் பாடம் சொல்லிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, தர்காவைச் சுற்றி நடத்தப்பட்ட தனியார் காப்பகங்களுள் ஒன்றில் தீப்பற்றியது. கூரைக் கொட்டகைக்குள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் எழுந்து ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. தர்காவுக்குப் போவது சரியா, தவறா என்ற விவாதத்தை இங்கே நான் எடுக்கவில்லை. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்பவரானாலும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: அந்தச் சங்கிலியைப் பூட்டியவர் காப்பகக்காரர் என்றால், பூட்டப்படுவதற்காக அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டுத் திரும்பியவர்கள் யார்?

இனி, நம்மிடையே உலவும் மூன்று வாதங்களைப் பார்ப்போம்.

முதல் வாதம்: "ஈமான் உறுதியாக இருந்தால் மனநோய் வராது, இது ஷைத்தானின் வேலை, ஓதிப் பார்த்தால் போதும்." குர்ஆன் ஓதுவது ஷிஃபாதான், அதில் ஐயமில்லை. ஆயினும் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியபோது மனநோயை விலக்கிச் சொல்லவில்லை. நம் முன்னோரும் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதிய அபூ ஸைத் அல்பல்கீ 934ஆம் ஆண்டில் மறைந்தவர். கெய்ரோவில் 1284இல் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்றே தனிப் பகுதி இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தெளிவாக இருந்த ஒன்றை, இன்று தாயத்துக்குள் மடித்துக் கட்டுவது மார்க்கப் பற்று ஆகாது.

இரண்டாவது வாதம்: "வெளியே தெரிந்தால் தங்கையின் நிக்காஹ் நின்றுவிடும்." இந்த அச்சம் பொய்யன்று, அப்படி நின்றுபோன சம்பந்தங்கள் உண்டு. ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். நல்ல மருத்துவமனை எது என்று எவரிடமும் விசாரிக்க முடியாது. தெரிந்தவர் எவரும் வந்து போகாத தொலைதூர இடமே வசதியாகிறது. பெயர்ப்பலகை இல்லாத வீடே பாதுகாப்பாகத் தோன்றுகிறது. உரிமம் இல்லாதவர்கள் காத்திருப்பது இத்தகைய குடும்பத்துக்காகத்தான். நம் வெட்கமே அவர்களுக்கு முதலீடு. இன்னும் சிலர், "கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்று நோயை மறைத்து ஒரு பெண்ணின் வாழ்வில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அது மருத்துவமும் ஆகாது, நிக்காஹும் ஆகாது, மோசடி.

மூன்றாவது வாதம் இவற்றுக்கு நேர் எதிரானது: "எங்கேயும் சேர்க்க மாட்டோம், எங்கள் பிள்ளையை நாங்களே பார்த்துக்கொள்வோம்." பாசத்தில் பிறந்த சொல் இது. பெரும்பாலான மனநோய்களுக்கு இது பொருந்தவும் செய்யும். புறநோயாளியாகச் சென்று மருந்து வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தபடியே நலமடைவோர் மிகப் பலர். ஆனால் எல்லா நேரத்துக்கும் இது பொருந்தாது. தற்கொலை எண்ணம் வலுத்தவரை, உண்ணாமல் உறங்காமல் ஒடுங்கிவிட்டவரை, தன்னிலை மறந்து பிறரைத் தாக்குபவரை வீட்டில் வைத்துக் காக்க முடியாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரும் போகலாம். அறையில் அடைத்துப் பூட்டினால் குடி மறந்துவிடும் என்று நினைப்பவர்கள் தாங்கள் எதோடு விளையாடுகிறோம் என்பதை அறியாதவர்கள். அத்தகைய நாட்களில் உள்நோயாளியாகச் சேர்ப்பதே அமானிதத்தைக் காப்பது.

ஆக, சேர்ப்பதா வேண்டாமா என்பதை வெட்கமும் முடிவு செய்யக் கூடாது. வீம்பும் முடிவு செய்யக் கூடாது. மனநல மருத்துவர் நோயாளியை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். நோயாளியிடமும் கேட்க வேண்டும். அவர் தெளிவாக இருக்கும் நாட்களிலேயே, "மறுபடி அப்படி ஆனால் உன்னை எங்கே சேர்க்கலாம், யார் உன் சார்பில் பேசலாம்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. குடியாலும் போதையாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன.

அந்தச் சட்டம் சொல்லும் வேறு சிலவற்றையும் ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டும். மனநலக் காப்பகம் எதுவாயினும் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பது குற்றம். தனியறையில் அடைத்துவைப்பதும் கூடாது. தானாக முன்வந்து சேர்ந்தவர் தானாகவே வெளியேறக் கேட்கலாம். முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவரை, அவருடைய பிரதிநிதி கேட்டுக்கொண்டு இரு மருத்துவ வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்த பின்பே சேர்க்க முடியும். அதுவும் முதலில் 30 நாட்கள் வரைதான். பார்க்க வருவோரைச் சந்திக்கவும், தொலைபேசியில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. "மூன்று மாதம் யாரும் வரக் கூடாது" என்று ஓரிடத்தில் சொன்னால், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். இரவில் நான்கு பேரை அனுப்பித் தூக்கிக்கொண்டு போகும் மையத்துக்கு நம் வாசற்கதவைத் திறக்கவே கூடாது.

பணமில்லை என்போருக்கும் வழி உண்டு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜிப்மர் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசின் மனநல மருத்துவமனை உள்ளது. எங்கே போவது என்று தெரியாத இரவில் 14416 என்ற அரசின் இலவச எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஆலிம் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. ஜும்ஆ பயானில் வட்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள், வரதட்சணையைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஜஸாகல்லாஹ். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மனநோயைப் பற்றிப் பேசுங்கள். ஓதிப் பார்க்க அழைத்துவரப்படுபவரிடம், "ஓதுகிறேன், நாளையே மருத்துவரிடமும் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். சிகிச்சைச் செலவில் நொடிந்துபோன ஏழைக் குடும்பம் எது என்று விசாரித்து ஜகாத் நிதியிலிருந்து கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்க்கப்பட்டிருப்பவரைப் பார்க்கப் போங்கள். வாரத்துக்கு இருவர் முறைவைத்துப் போனால் போதும். நோயாளிக்கு அது மருந்து. நிர்வாகத்துக்கு அது எச்சரிக்கை.

நோயுற்றவரை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமை என்று ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். தன் அடியான் நோயுற்றிருந்தபோது போய்ப் பார்க்காதவனை அல்லாஹ் மறுமையில் விசாரிப்பான் என்றும் படித்திருக்கிறோம். எந்த நோய் என்று அங்கே பிரித்துச் சொல்லப்படவில்லை. பிரித்தது நாம்தான்.

மனநிலை பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி தமக்கு ஒரு தேவை இருக்கிறது என்றபோது, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அந்தத் தெருவுக்கே வருவதாகச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை உடன் நின்று கேட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது. மதீனாவின் தலைவர், ஊரார் பார்க்க, நடுத்தெருவில் நின்றார். நாம் நம் சொந்தத் தம்பியின் பெயரை நம் தெருவில் உரக்கச் சொல்ல அஞ்சுகிறோம்.

நம்முள் எவருடைய வீட்டிலேனும் "வெளியூரில் வேலை" என்று சொல்லப்படும் ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள். முன்னறிவிப்பின்றிப் போங்கள். அவரோடு அமர்ந்து சாப்பிடுங்கள். எப்போது வீடு திரும்பலாம் என்று மருத்துவரிடம் நாள் கேளுங்கள். பதில் சொல்ல மருத்துவரே அங்கு இல்லையென்றால், அது எத்தகைய இடம் என்பது உங்களுக்கு அப்போதே விளங்கிவிடும்.

நோயுற்ற நம் சகோதர சகோதரிகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களை விசாரிக்கச் செல்லும் துணிவை நமக்குத் தருவானாக. ஆமீன்.