பழைய வாகனமும் பழுதுச் செலவும்



வோபர்ன் பகுதியில் பழைய எஸ்யூவி வாங்கும் நம்மவர் பலர், மின்கோளாறு வந்ததும் பற்றரி, ஓல்ரனேற்றர் என்று ஒவ்வொன்றாய் மாற்றிப் பணத்தை இழப்பது வேதனை தருகிறது. குளிர்கால வீதி உப்பில் அரித்துப்போன எர்த் வயரும் காரணமாகலாம். எதையும் மாற்றுமுன் அதைச் சோதிக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்தில் தந்த மதிப்பீட்டுக்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டிக் கராஜ் அறவிட முடியாது. பொருத்திய புதிய பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. ஆனால் வாகனம் வாங்கும்போது தரப்படும், 36 நாள் செல்லுபடியாகும் பாதுகாப்புச் சான்றிதழ் உத்தரவாதம் அன்று.

வாங்குமுன் நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இவ்வுரிமைகளைத் தங்கள் இதழ் தொடர்ந்து எடுத்துச்சொல்ல வேண்டுகிறேன்.

– வாசகர், வோபர்ன், ரொறன்ரோ