சீமை ஓட்டுக்கு அடியில்

மாகறலுக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால் நேரே கோயிலுக்குத்தான் போவார்கள். செய்யாற்றங்கரை, சம்பந்தர் பாடிய தலம், போக வேண்டியதுதான். ஜெர்மானியக் கட்டடக்கலையைத் தேடி யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. ஆனால் ஜெர்மானியர் கைப்பட்ட சரக்கு ஒன்று காஞ்சிபுரத்துச் சுற்றுவட்டார நெசவாளர் வீடுகளின் தலைமேலேயே இருக்கிறது. சீமை ஓடு என்கிற மங்களூர் ஓடுதான் அது.

பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு சுவிட்சர்லாந்தில் 1815இல் பிறந்தது. அதன் ஊழியர்களில் பலர் தென்ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்காரர்கள். 1834இல் மங்களூருக்கு வந்தார்கள். மதம் மாறியவர்களுக்கு உறவோடு பிழைப்பும் போய்விடவே, நெசவாலை வைத்தார்கள். அச்சகம் நடத்த வந்த கேயோர்க் பிளெப்ஸ்ட் 1865இல் நேத்ராவதிக் கரைக் களிமண்ணைக் கொண்டு ஓட்டாலையும் தொடங்கினார். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அந்த ஓட்டின் வடிவம் அல்சாஸ் பகுதியின் கிலார்தோனி சகோதரர்களுடையது. 1841இல் காப்புரிமை பெற்றது.

நாட்டு ஓட்டை அடுக்கடுக்காக வேய வேண்டும். பாரம் அதிகம், சட்டமும் அதிகம். பூனை ஓடினால் நகரும், குரங்கு குதித்தால் சரியும். வருஷாவருஷம் மழைக்கு முன் ஆள்விட்டுப் பிரித்து மேய்ந்தாக வேண்டும். சீமை ஓட்டில் ஓரத்துப் பள்ளமும் மேடும் பூட்டிக்கொள்ள, ரீப்பரில் மாட்டினால் ஆயிற்று. நடுவே அதே அச்சில் ஒரு கண்ணாடி ஓடு. குழித்தறியில் உட்கார்ந்தவருக்குப் பாவின்மேல் நேராக வெளிச்சம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தைப் பார்த்து நெய்ய அந்த வெளிச்சம் போதும்.

ஜெர்மனி என்றால் புத்தகங்கள் கொலோன் பேராலயத்தைத்தான் காட்டும். 1248இல் தொடங்கி, முந்நூறு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக மொட்டைக் கோபுரமாய் நின்று, 1880இல் முடிந்த கோதிக் கட்டடம். எனக்கோ அவர்களுடைய கூரைச் சண்டைதான் சுவாரசியம். 1927இல் ஸ்டுட்கார்ட்டில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ தலைமையில் வைசன்ஹோஃப் குடியிருப்பு எழுந்தது. வெள்ளைச் சுவர், மொட்டைமாடி. பழைமைவாதிகள் அதன் படத்தில் ஒட்டகங்களையும் அரேபியர்களையும் ஒட்டி, தபால் அட்டை அச்சிட்டுக் கேலி செய்தார்கள். தட்டைக் கூரை வெயில் நாட்டுக்குத்தான் லாயக்கு என்பது அவர்கள் வாதம்.

வெயில் நாட்டில் இருக்கிற நமக்கல்லவா தெரியும், சித்திரையில் கான்கிரீட் தளத்துக்கு அடியில் தறியில் உட்காருவது என்னவென்று! பகலெல்லாம் குடித்த சூட்டை அது ராத்திரி கக்கும். ஓட்டு வீட்டில் சூடு இடுக்கு வழியே வெளியேறிவிடும். இருந்தும் ‘மச்சு வீடு’ என்ற கௌரவத்துக்காக ஓட்டைப் பிரிக்கிறோம். பிரித்த ஓட்டை வியாபாரி வாங்கிக்கொண்டு போய் ஈசிஆர் பங்களாக்காரர்களுக்கு நல்ல விலைக்குத் தள்ளுகிறார். அவர்களுக்கு அது அழகு. நமக்கு அது தொழிற்கருவி.

மெத்தை வீடு கட்ட ஆசைப்படுவது தப்பில்லை, கட்டுங்கள். தறி போடுகிற கூடத்துக்கு மட்டும் ஓட்டை விட்டுவையுங்கள். கண்ணாடி ஓடு ஒன்றுக்கு இரண்டாகவே இருக்கட்டும்.