சொல்லிச் செல்லுங்கள்

ஊருக்குப் புறப்படுகிறவர் வாயிற்படியில் நின்று, "போய் வருகிறோம்" என்று சொல்லி விடைபெறுவது நம் வழக்கம். "எங்கே, எப்போது திரும்புவீர்கள்?" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்டால், இளைஞர் சிலர் முகம் சுளிப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். உபசாரமாக நாம் கருதும் இவ்வழக்கம் உயிர் காக்கும் சட்டமாகவே விளங்கும் நிலப்பரப்பு ஒன்று உலகில் உண்டு. அதுவே ஆஸ்திரேலியக் கண்டத்தின் உள்நாடு. அந்நாட்டார் அதனை 'அவுட்பேக்' என்பர்.

தெற்கே அடிலெய்டு நகரிலிருந்து வடகோடியிலுள்ள டார்வின் வரை ஒரு குடும்பம் காரில் செல்ல எண்ணுவதாகக் கொள்வோம். வழி ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். போர்ட் அகஸ்டாவில் தொடங்கும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை 1987-ஆம் ஆண்டிலேயே முழுவதும் தார்ச்சாலையாகிவிட்டது. பின் அச்சம் எதற்கு என்று கேட்கலாம். கிளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது. நெடுஞ்சாலையை விட்டு மண்பாதையில் திரும்பினாலோ, மற்றொரு வண்டியைக் காணாமலே நாள் கழியக்கூடும்.

காலமறிந்து புறப்படுதல் முதற்கடமை. நமக்குக் குளிர்காலமான டிசம்பரும் ஜனவரியும் அவர்களுக்குக் கடுங்கோடை. ஊட்னடாட்டா என்னும் சிற்றூரில் 1960 ஜனவரி 2-ஆம் நாள் வெப்பம் 50.7 பாகை செல்சியசை எட்டியது. சிம்ப்சன் பாலைவனப் பூங்காவை ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடியே விடுகின்றனர். ஆதலின் மே முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களே பயணத்திற்கு ஏற்றவை.

எனினும், பொருள் கூடியிருந்தும் செய்தி தவறியதால் உயிரிழந்தோர் கதை ஒன்றை இங்கே நினைவுகூர்வது நலம். 1860-ஆம் ஆண்டு பர்க், வில்ஸ் என்போர் தலைமையில் ஒரு குழு மெல்போர்னிலிருந்து கண்டத்தைக் கடக்கப் புறப்பட்டது. கூப்பர் ஓடைக்கரையில் துணைவர் சிலரைக் காத்திருக்கச் செய்து, நால்வர் வடகடல் நோக்கிச் சென்றனர். காத்திருந்தோர் நான்கு மாதங்களுக்கு மேல் பொறுத்தனர். பின்னர் உணவைப் புதைத்து, மரத்தில் அடையாளம் செதுக்கி, 1861 ஏப்ரல் 21 காலை புறப்பட்டுவிட்டனர். வழியில் ஒருவரை இழந்து, எஞ்சிய மூவரும் அன்று மாலையே அவ்விடம் வந்து சேர்ந்தனர்!

துயரம் இத்துடன் முடியவில்லை. மூவரும் உணவைத் தோண்டியெடுத்து, தாம் செல்லும் திசையைக் கடிதத்தில் எழுதி அதே குழியில் புதைத்தனர். ஆனால் மரத்தில் புதிய அடையாளம் எதனையும் இடவில்லை. மே 8-ஆம் நாள் மனம் கேளாமல் திரும்பி வந்து பார்த்த துணைவர்கள், "எவரும் வரவில்லை" என்று எண்ணி, குழியைத் தோண்டாமலே மீண்டனர். பர்க்கும் வில்சும் அவ்வோடைக்கரையிலேயே மாண்டனர். மூன்றாமவரான கிங் ஒருவரை மட்டும், அம்மண்ணின் மக்களான யாண்ட்ருவாண்டா இனத்தார் உணவளித்துக் காத்தனர். ஒரு மரத்தில் ஒரு கோடு கூடுதலாக இருந்திருந்தால், வரலாறு வேறாக இருந்திருக்கலாம் அல்லவா?

இது கார் இல்லாத காலத்துக் கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் பாதையில் சென்ற ஒரு குடும்பம் வழி தவறியது, பெட்ரோலும் தீர்ந்தது. வண்டியை விட்டு நடந்த பெற்றோரும் பிள்ளைகளுமாக ஐவரும் தாகத்தால் மடிந்தனர். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு அகலாதீர் என்பதே அந்நாட்டார் இன்றும் கூறும் முதல் அறிவுரை. தேடி வரும் விமானத்திற்குக் கார் கண்ணிற்படும். தனிமனிதர் படுவது அரிது. மேலும், வண்டி நிழல் தரும்.

எனவே திட்டமிடுவோர் செய்யத்தக்கவை இவை. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமலும், கோடையாயின் அதனினும் மிகுதியாகவும் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். ஒரே பாத்திரத்தில் வேண்டாம், பலவற்றில் பிரித்து வையுங்கள். மண்பாதைக்கு இரண்டு உபரிச் சக்கரங்கள் தேவை. அந்தி முதல் விடியல் வரை கங்காருக்கள் சாலையில் பாயும், இரவில் ஓட்டாதீர்கள். ஐம்பது மீட்டருக்கும் மேல் நீண்ட தொடர் லாரிகளை முந்த அவசரப்படாதீர்கள். பழங்குடியினரின் நிலங்கள் வழியே செல்ல முன்அனுமதி வேண்டுமா என்று கேட்டறியுங்கள். பெருவழியில் கைபேசி ஊமையாகிவிடும். செயற்கைக்கோள் வழியே அபாயச் செய்தி அனுப்பும் கருவியை உடன் வைத்திருங்கள்.

இவை யாவற்றுக்கும் மேலாக, நம்பத்தக்க ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள்: எந்த வழி, எந்த நாள், எந்த ஊர். குறித்த நேரத்தில் செய்தி வராவிடில் காவல் துறைக்கு அறிவிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள். வழியை மாற்றினால் தெரிவியுங்கள். சேர்ந்தவுடன் "வந்துவிட்டோம்" என்று கூற மறவாதீர்கள். இன்றேல் வீணே தேட நேரும்.

தண்ணீரையும் பெட்ரோலையும் பணம் கொடுத்து வாங்கலாம். நம்மைத் தேடி வர ஒருவர் இருப்பது பணத்தால் அமைவதன்று. "எங்கே, எப்போது திரும்புவீர்கள்?" என்று இனி வீட்டில் யாரேனும் கேட்டால் முகம் சுளியாது விடை கூறுவோம். அக்கேள்வி சந்தேகத்தின் குரலன்று. நம் வரவை எதிர்நோக்கி நிற்கும் அன்பின் குரல்.