வீட்டு நம்பர் எதற்கு? பணக் கணக்கு எங்கே?

எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலில் நிற்கிறவர் நாமினேஷனோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் தரவேண்டும். பேர், வயசு, முழு விலாசம், டெலிபோன் நம்பர், சொத்து, கடன், கிரிமினல் வழக்கு எல்லாம் அதில் உண்டு. அது ஆபீஸ் நோட்டீஸ் போர்டிலும் ஏறும், தேர்தல் கமிஷன் இணையதளத்திலும் ஏறும்.

சொத்தைப் பார்க்கட்டும். 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு வாங்கிக் கொடுத்த உரிமை அது. ஆனால் கதவு நம்பர் எதற்கு?

2025 ஜூன் 14-ந் தேதி அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் போலீஸ் உடுப்பில் ஒருவன் விடியற்காலையில் வீடு தேடிப் போனான். சட்டசபை உறுப்பினர் மெலிசா ஹார்ட்மனும் கணவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு அங்கே சில மாநிலங்கள் மெம்பர்களின் வீட்டு விலாசத்தை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டன.

நம்மூரில் துப்பாக்கி வரை போகவேண்டாம். முதல் தடவை நிற்கிற பெண்ணுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு நாலு போன் வந்தால் போதும். அடுத்த தடவை நிற்கவே மாட்டார். பெரிய தலைவர் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும். சுயேச்சைக்கு யார் நிற்பார்?

'விலாசத்தை மறைக்கவிட்டால் சொத்தையும் மறைப்பார்களே?' என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம்தான். நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா! அருணாசலப் பிரதேச வழக்கு ஒன்றில் 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, வேட்பாளருக்கும் அந்தரங்கம் உண்டு, சில்லறைச் சாமான் கணக்கெல்லாம் சொல்லவேண்டியதில்லை, ஆடம்பர வாழ்க்கையைக் காட்டுகிற சொத்தானால் மறைக்கக் கூடாது என்றது. அந்தக் கோடு சரி.

இதில் ஒரு சிக்கல். சொந்த வீட்டுக்காரர் மேலே விலாசத்தை மறைத்தாலும், கீழே சொத்துப் பட்டியலில் அதே வீடு வந்துவிடும். வாடகைக்காரர் தப்பிப்பார். ஆகவே குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் ஊர், பேட்டை, சதுர அடி, மதிப்பு வெளியே இருக்கட்டும். கதவு நம்பர் அதிகாரி கையில் உள்ள பிரதியில் இருக்கட்டும். மற்ற நிலத்துக்கு சர்வே நம்பர் கட்டாயம் வேண்டும். பினாமி அங்கேதான் பிடிபடுவான்.

பணத்தில் மட்டும் திரை கூடாது. 2018-ல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம் கட்சிக்குக் கோடி கோடியாகக் கொடுத்தவன் பேரை ஆறு வருஷம் மூடி வைத்தது. 2024 பிப்ரவரி 15-ல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. வேட்பாளரின் வாசல் ஊருக்குத் திறந்திருந்த அதே காலத்தில் கொடையாளியின் பேர் பூட்டிக் கிடந்தது! சட்டசபை வேட்பாளர் செலவுக்குப் பெரிய மாநிலங்களில் 40 லட்சம் என்று 2022-ல் வரம்பு போட்டார்கள். கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது.

படிவம் 26, 1961-ம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ளது. அதை மாற்ற பார்லிமெண்டில் புதுச் சட்டம் வேண்டாம். கமிஷனைக் கலந்துகொண்டு மத்திய சர்க்காரே திருத்தலாம்.